நசுங்காத இரண்டு எலுமிச்சை

திருடுகிறவன் எதற்கு எலுமிச்சம்பழம் வைக்க வேண்டும்?

சியாமளா இதை வாய்விட்டுக் கேட்கவில்லை. பக்கத்தில் ரோஹித் நின்றிருந்தான். அவன் எதிரில் வாய்விட்டு யோசிப்பது, திரை இல்லாத ஜன்னலருகே உடை மாற்றுவது போல அவளுக்குப் பட்டது. காலையில் அவளுடைய அலுவலகத்துக்கு வந்ததிலிருந்து அவன் குரலை உயர்த்தவே இல்லை. நாற்காலியைக்கூட ஓசைப்படாமல் நகர்த்தினான். இருந்தும் அவன் நின்ற இடத்தில் காற்று குறைந்துவிட்டது போலிருந்தது.

செங்கல்பட்டு ஏரியை ஒட்டிய பூபாலனின் பட்டறை அது. மூன்று பக்கமும் சுவர், நான்காவது பக்கம் ஷட்டர். நடுவில், எண்ணெய் படியாத செவ்வகமாக ஓரிடம் வெளுத்துக் கிடந்தது. இன்று காலை வரை அங்கே ஒரு பழைய ஜீப் நின்றிருந்தது.

ஜீப் ரோஹித்தின் மாமனார் தர்மராஜுடையது. கல்பாக்கம் அணு ஆராய்ச்சி மையத்தில் வேலை பார்த்தவர். அவர் இறந்த பிறகு சீந்துவாரில்லாமல் கிடந்த வண்டியை ரோஹித் இங்கே கொண்டுவந்து விட்டிருந்தான். பூபாலன் இன்ஜினை முழுதாக இறக்கி, சிலிண்டர்களைக் கடைந்து போர் அடித்து, புது பிஸ்டனும் ரிங்கும் போட்டு, பிறந்ததிலிருந்து அந்த வண்டி கண்டிராத ஒரு டர்போவையும் மேலே பொருத்தியிருந்தான். இன்று டெலிவரி. நாளை அது கடற்கரை ரிசார்ட் ஒன்றுக்குக் கைமாற வேண்டும். காலையில் பூபாலன் ஷட்டரைத் தூக்கி வைத்துவிட்டு, சாவியை வண்டியிலேயே விட்டுவிட்டு நாஸ்தாவுக்குப் போனான். திரும்பி வந்தபோது வண்டி இல்லை.

ரோஹித் நேராக ஸ்டேஷனுக்குப் போய் பூபாலன் பெயரைச் சொல்லிப் புகார் கொடுத்திருந்தான். சாயங்காலத்துக்குள் வண்டி வரவேண்டும், இல்லாவிட்டால் பூபாலன் உள்ளே போக வேண்டும் என்று அங்கே சொல்லியிருந்தார்கள். அதன் பிறகுதான் அவன் சியாமளாவிடம் வந்தான். வண்டியைக் கண்டுபிடித்துத் தர வேண்டும். ஒரே நிபந்தனை, வேலை முடியும்வரை அவளுடைய போனின் இருப்பிடம் அவனுக்குத் தெரிந்துகொண்டே இருக்க வேண்டும். விபத்து வண்டிகளைப் பார்வையிடும் இன்சூரன்ஸ் சர்வேயராக இருபது வருடம் இருந்துவிட்டு, இப்போது தனியாகத் துப்பறியும் தொழில் நடத்துகிறவள் அவள். இதைவிட விசித்திரமான நிபந்தனைகளைப் பார்த்திருக்கிறாள். சரியென்று பொத்தானை அழுத்திவிட்டாள்.

"நான் எடுத்து இன்னா மேடம் பண்ணப்போறேன்?" பூபாலன் கவிழ்த்த பெட்டியின் மேல் உட்கார்ந்திருந்தான். "நாலு மாசமா என் கையில தான கீது. எடுக்கணும்னா அப்பவே எடுத்துகினு போயிருப்பேன், இன்ஜின் வேல மிச்சம்."

வெளுத்த செவ்வகத்தின் நடுவில் இரண்டு பழங்கள் கூழாகிக் கிடந்தன. ஈரம் ஷட்டர் பக்கமாக இழுபட்டிருந்தது. சுவரோரம் வேறு இரண்டு, முழுசாக, குங்குமப் பொட்டோடு உட்கார்ந்திருந்தன. டெலிவரி பூசைக்காக பூபாலன் வாங்கி மேசைமேல் வைத்திருந்த பழங்கள்தாம். அவன் அதைத் தொடவில்லை என்றான்.

ஜாக்குலின் குனிந்து பார்த்தாள். சிங்கப்பெருமாள் கோயில் ஊர்க்காரி. சியாமளாவின் உதவியாளர், ஸ்கூட்டர் ஓட்டி, அத்துடன் வாய்க்கொழுப்பு இலாகா முழுவதும் அவள் பொறுப்பு.

"பக்தியான திருடன்க்கா. ஆனா பாதி வேண்டுதல்தான் பலிச்சிருக்கு."

வேறு ஏதாவது காணோமா என்று சியாமளா கேட்டாள். பூபாலன் கொஞ்சம் தயங்கி, போல்ட் முறுக்கும் டார்க் ரெஞ்ச் ஒன்றைக் காணவில்லை என்றான். அலமாரியில் டிரில் மெஷின் இருந்தது, கிரைண்டர் இருந்தது, அவனுடைய போனே சார்ஜில் இருந்தது. ஒன்றும் போகவில்லை. அந்த ரெஞ்ச் எதற்கு என்று கேட்டதற்கு அவன் முகத்தில் முதல்முறையாகக் கொஞ்சம் வெளிச்சம் வந்தது. வேலை செய்த இன்ஜினை முதல் ஓட்டம் ஓட்டியதும் நிறுத்தி முழுக்க ஆற விட வேண்டும், ஆறிய பிறகு ஹெட் போல்ட்டுகளை மறுபடி முறுக்கிவிட வேண்டும், அதற்குத்தான். அதற்குப் பிறகும், புது பிஸ்டன் பழகும்வரை, நாற்பதைத் தாண்டி ஓட்டக் கூடாது.

"இதையெல்லாம் சாருகிட்ட சொன்னீங்களா?"

"சாரு போன்ல பேசிகினு இருந்தாரு. அந்தம்மா தான் கூட நின்னு கேட்டுகினு இருந்தாங்க."

எந்தம்மா என்று சியாமளா கேட்குமுன் ரோஹித் வாட்சைப் பார்த்தான். ஆபீஸ் மீட்டிங் இருப்பதாகவும், போனில் பார்த்துக்கொண்டே இருப்பதாகவும் சொல்லிவிட்டுக் காரை நோக்கி நடந்தான்.

சியாமளா முழுப் பழங்கள் இரண்டையும் எடுத்து ஜாக்குலின் பையில் போட்டாள்.

*

ஜீப் போன திசையென்று அக்கம்பக்கத்தில் சொன்ன திருக்கழுக்குன்றம் சாலையில் ஸ்கூட்டரின் பின்னால் உட்கார்ந்திருக்கும்போதுதான் அவளுக்கு அது பிடிபட்டது. மூளையில் இல்லை, கையில்.

ஜீப் சுவரைப் பார்த்து நின்றிருக்கிறது. இருக்கும் ஒரே வழி பின்னால். அந்தப் பட்டறையிலிருந்து எந்த வண்டியும் முன்னோக்கிப் போனதே இல்லை. பூபாலனாக இருந்தால் பழங்களைச் சக்கரங்களுக்குப் பின்னால் வைத்திருப்பான், நான்கும் நசுங்கியிருக்கும். வைத்த ஆள் முன்னால் வைத்திருக்கிறது. பின்சக்கரங்களுக்கு முன்னால் வைத்த இரண்டின் மேல் முன்சக்கரங்கள் ஏறிப் போயின. முன்சக்கரங்களுக்கு முன்னால் வைத்ததைத் தொட எதுவும் வரவில்லை.

வண்டி ஓட்டிப் பழகிய யாருக்கும் இந்தத் தப்பு வராது. வண்டி எந்தப் பக்கம் நகரும் என்பது அவர்கள் உடம்பிலேயே இருக்கும்.

அவளுடைய கணவர் வாங்கிய ஒவ்வொரு வண்டிக்கும் பழம் வைத்தது அவள்தான். முன்னால் வைப்பாள், கற்பூரம் சுற்றுவாள், விலகி நிற்பாள். அவர் ஏறி ஓட்டுவார். எத்தனையோ நொறுங்கிய வண்டிகளுக்குள் தலையை நுழைத்து, யார் எந்த இருக்கையில் இருந்தார்கள், யார் கை ஸ்டியரிங்கில் இருந்தது என்று எழுதிக் கொடுத்தவள், தான் ஒருமுறைகூட அந்த இருக்கையில் உட்கார்ந்ததில்லை. யாரும் தடுக்கவில்லை. அதுதான் விசேஷம். தடுக்க வேண்டிய அவசியமே யாருக்கும் வரவில்லை.

"பொம்பள" என்றாள் ஜாக்குலினின் தோளுக்குப் பின்னாலிருந்து.

"யாருக்கா?"

"பழம் வெக்கறது எப்பவும் அவ வேலை. ஓட்டறது அவ வேலை இல்லை. இன்னைக்கு ரெண்டையும் அவளே செஞ்சிருக்கா."

ஜாக்குலின் வேகத்தைக் குறைத்தாள். "அப்ப திருடன் இல்லன்னு சொல்லு. திருடி."

திருக்கழுக்குன்றத்தில் ஓட்டுநர் ஒருவர் பஸ்ஸை நிறுத்திவிட்டு டீ குடித்துக்கொண்டிருந்தார். ஜீப் என்று ஆரம்பித்ததுமே பொரிந்து தள்ளினார். பொணம் எடுத்துப் போகிற மாதிரி ஒரு ஜீப் ஊர்ந்ததாம், பின்னால் அத்தனை வண்டியும் ஹாரன் அடித்தும் அசையவில்லையாம், மாமல்லபுரம் சாலையில் திரும்பிய பிறகுதான் தனக்கு உயிர் வந்ததாம். நாற்பதைத் தாண்டாத திருட்டு. பூபாலன் சொன்னதைக் கூட நின்று கேட்டவள்.

சியாமளா ரோஹித்துக்குப் போன் செய்தாள். வீட்டில் வண்டிக்குப் பூசை போட்டால் பழம் வைப்பது யார் என்று கேட்டாள்.

"அனுதான். என் மனைவி. ஏன் மேடம்?"

"அவங்ககிட்ட ஒரு நிமிஷம் பேசலாமா?"

"தலைவலின்னு படுத்திருக்கா. இப்பதான் மாத்திரை கொடுத்துத் தூங்க வெச்சேன்."

அவன் குரலுக்குப் பின்னால் ஒரு லாரி ஹாரன் நீளமாக அடித்து ஓய்ந்தது. ஆபீஸ் மீட்டிங்கும் இல்லை, தூங்குகிற மனைவியும் இல்லை. அவன் சாலையில் இருந்தான்.

"மேடம், ரொம்ப நேரமா உங்க புள்ளி நகரவே இல்லையே. அங்கே ஏதாவது கிடைச்சுதா?"

இல்லை, டீ குடிக்கிறோம் என்று சொல்லி வைத்தாள். ஜீப் காணாமல் போனதற்காக அவன் வரவில்லை. யார் எடுத்தது என்று காலையிலேயே அவனுக்குத் தெரியும். மனைவி போய்விட்டாள் என்று வாய்விட்டுச் சொல்ல முடியாமல், ஜீப் போய்விட்டது என்று சொல்லியிருக்கிறான். அதற்காக ஒரு மெக்கானிக்கை ஸ்டேஷனில் கோத்துவிட்டிருக்கிறான்.

ஜாக்குலின் டீ கிளாஸைக் கீழே வைத்தாள். "நாமதான் மோப்பம் புடிச்சுகினு போறோம்னு நெனச்சேன்க்கா. பார்த்தா நம்ம கழுத்துல சங்கிலி கீது, மறுமுனை அவன் கையில."

போனை அணைத்தால் அந்த நொடியே அவனுக்குத் தெரியும். திரும்பிப் போனால் சாயங்காலம் பூபாலன் உள்ளே. முன்னால் போனால் அவனை அனுவின் வாசலிலேயே கொண்டு போய் இறக்கிவிட்டது போல. சியாமளா சாலையின் இரு பக்கமும் பார்த்தாள். எந்தப் பக்கம் காலெடுத்து வைத்தாலும் அவன் திரையில் ஒரு புள்ளி கூடவே நகரும்.

*

மாமல்லபுரம் தாண்டி, கிழக்குக் கடற்கரைச் சாலையோரம் இளநீர் விற்கும் எல்லம்மாள் ஜீப்பைப் பார்த்திருந்தாள்.

"ஒரு பொண்ணு வந்து தண்ணி கேட்டுச்சு. குட்சிக்கோன்னு குடுத்தேன், கேன்ல புட்சிகினா. வண்டிக்காம். மூஞ்சில சொட்டு ரத்தம் இல்ல, தான் ஒரு வாய் குடிக்கல, வண்டிக்கு குடுக்குறா." கல்பாக்கம் போகும் பக்கமாகக் கையைக் காட்டினாள். "அப்டியே போயி சவுக்குத் தோப்புல எறங்கிச்சு. இன்னும் வெளிய வர்ல."

வராது. ரெஞ்சை எடுத்துப் போனவள், சொன்னபடிதான் செய்வாள். இன்ஜின் முழுக்க ஆறும்வரை அவளால் அங்கிருந்து நகர முடியாது. பின்னால் சாலை, முன்னால் கடல், நடுவில் சூடாக ஒரு வண்டி.

சியாமளா தன் போனை எல்லம்மாளிடம் நீட்டினாள். கொஞ்ச நேரம் பத்திரமாக வைத்திருக்கச் சொன்னாள். யாராவது வந்து கேட்டால் என்ன சொல்வது என்றாள் எல்லம்மாள்.

"எளநீ குடிக்க சொல்லு" என்றாள் ஜாக்குலின். "வெயில்ல வர்றாரு, சூடு தணியும்."

ஸ்கூட்டரை அங்கேயே விட்டுவிட்டு நடந்தார்கள். தோப்புக்குள் வெயில் நூல் நூலாக இறங்கியது. கடல் கண்ணுக்குத் தெரியவில்லை, இரைச்சல் மட்டும் கேட்டது. மணல் தடத்தின் முடிவில் ஜீப் பானட் திறந்து நின்றது. பம்பரில் ஓர் இளம்பெண் உட்கார்ந்திருந்தாள், மடியில் ரெஞ்ச். அவர்களைப் பார்த்ததும் ஓடவில்லை. ரெஞ்சை மட்டும் இறுக்கிப் பிடித்தாள்.

"அவர் அனுப்பினாரா?"

"ஆமாம்" என்றாள் சியாமளா. பொய் சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை. "ஆனா நாங்க இங்க இருக்கறது அவருக்குத் தெரியாது. இன்னும் கொஞ்ச நேரத்துக்கு."

அனு ரெஞ்சை பம்பரில் வைத்தாள். பிறகு எழுந்து, இன்ஜினின் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். இன்னும் கொஞ்சம் ஆறணும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். பேச ஆரம்பித்தபோது புகார் சொல்கிற குரலே இல்லை. ஏதோ வீட்டுச் சாமான்களைப் பற்றிச் சொல்வது போலச் சொன்னாள். அவர் அடித்ததில்லை, கத்தியதில்லை. கேளம்பாக்கத்தில் அவர்கள் ஃபிளாட்டின் கதவு திறந்தால் அவர் போனுக்குச் செய்தி போகும். கார் நகர்ந்தால் போகும். அவள் கையில் கட்டிய வாட்ச், எத்தனை மணிக்குத் தூங்கினாள் என்று சொல்லும். எல்லாம் உன் பாதுகாப்புக்காகத்தான் என்பார். கேட்பவர்களும் எவ்வளவு அக்கறை என்பார்கள்.

"இந்த ஜீப்புல மட்டும்தான் எதுவும் கிடையாது. அப்பா காலத்து வண்டி. எங்கே போகுதுன்னு யாருக்கும் சொல்லாது. இங்கதான், இந்தத் தோப்புலதான் எனக்கு ஓட்டக் கத்துக் கொடுத்தார். கல்யாணத்துக்கப்புறம் ஓட்டினதில்லை." கொஞ்சம் நிறுத்தினாள். "நாளைக்கு இதுவும் போயிடும்னார். வாட்ச், போன் எல்லாத்தையும் கட்டில்ல வெச்சிட்டு ஷேர் ஆட்டோ பிடிச்சேன்."

காரைக்காலில் ஹரிப்ரியா என்று கல்லூரித் தோழி இருக்கிறாள், அங்கே போகிறேன் என்றாள். கேட்காமலேயே சொன்னாள். நம்பிச் சொல்லிவிட்டாள். அந்த நம்பிக்கை சியாமளாவின் தலையில் கல்லைப்போல உட்கார்ந்தது.

பூபாலன் விஷயத்தை சியாமளா அவளிடம் சொல்லாமல் இருந்திருக்கலாம். வண்டி ஆறும், அவள் போவாள், யாருக்கும் தெரியாது. சொன்னாள். அனுவின் முகம் மாறியது.

"பூபாலன் அண்ணனையா? அவர் எனக்கு எல்லாம் சொல்லிக் கொடுத்தாரே."

ஜாக்குலினின் போனை வாங்கி ஸ்டேஷனுக்கு அவளே பேசினாள். அப்பா வண்டியை என் பெயரில்தான் எழுதி வைத்திருக்கிறார், நான்தான் எடுத்தேன், மெக்கானிக்குக்கு எதுவும் தெரியாது, அவரை விட்டுவிடுங்கள் என்றாள். நாளை வண்டிப் பேப்பர்களோடு நேரில் வரவேண்டும் என்றார்கள், தோழியோடு வருகிறேன் என்றாள். புகார் கொடுத்தவருக்கு இப்போதே தகவல் சொல்லிவிடுவோம் என்றும் சொன்னார்கள். அதற்கும் சரி என்றாள்.

"அப்ப அவருக்குத் தெரிஞ்சிடும், நான் இங்க எங்கேயோதான் இருக்கேன்னு."

அவள் இன்ஜின் பக்கம் திரும்பினாள். மறுபடி தொட்டுப் பார்த்தாள். இந்த முறை கையை எடுக்கவில்லை. ரெஞ்சை வைத்து ஒவ்வொரு போல்ட்டாக, நடுவிலிருந்து ஓரத்துக்கு, க்ளிக் என்று சத்தம் வரும்வரை முறுக்கினாள். பின்னால் இன்னும் கொஞ்ச நேரத்தில் ஒரு கார் வரப்போகிறது என்று தெரிந்தும் ஒரு போல்ட்டைக்கூட விடவில்லை. சியாமளாதான் சாலைப் பக்கம் திரும்பித் திரும்பிப் பார்த்தாள்.

பானட்டை மூடியபின் அனு கேட்டாள், "எடுத்தது நான்தான்னு எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

சியாமளா சொன்னாள்.

"முன்னாலயா வெச்சேன்?" அனு வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிப்பா அழுகையா என்று தெரியவில்லை. "பின்னால எடுக்கணும்னு தெரியும். தெரிஞ்சே முன்னால வெச்சிருக்கேன் பாருங்க. அப்ப ரெண்டு நசுங்கவே இல்லையா?"

அவள் குரலில் இருந்த பயம் சியாமளாவுக்குப் புரிந்தது. பூசை அரைகுறையாக நின்ற வண்டி. அதற்குள் ஜாக்குலின் பைக்குள் கைவிட்டு இரண்டு பழங்களையும் எடுத்தாள். முன்சக்கரம் ஒவ்வொன்றின் முன்னாலும் ஒன்றாக வைத்து, மணலில் உருளாமல் அழுத்திவிட்டு எழுந்தாள்.

"அக்கா, சாட்சியத்த அழிக்கிறோம். கண்ண மூடிக்கோ. மாதா மன்னிச்சுடும், உங்க சாமிகிட்ட நீ பேசிக்கோ." அனுவைப் பார்த்தாள். "மச்சி, இந்த தபா முன்னால போ. கியர பாத்து போடு."

சாவியைத் திருப்பியதுமே இன்ஜின் பிடித்தது. ஆழமான, கனத்த சத்தம். அனு ரெஞ்சை சியாமளாவிடம் நீட்டி, பூபாலன் அண்ணனிடம் கொடுத்துவிடுங்கள் என்றாள். ஜீப் முன்னால் நகர்ந்தது. பழங்கள் இரண்டும் மணலுக்குள் அமுங்கிப் பிளந்தன. தோப்பின் தெற்குத் தடத்தில் அது சாலையேறித் திரும்புவதைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

நாற்பதுக்கு மேல் போகாது. நல்ல காரில் துரத்தினால் அடுத்த ஊருக்குள் பிடித்துவிடலாம்.

*

இளநீர்க் கடையின் மரத்தடி பெஞ்சில் ரோஹித் உட்கார்ந்திருந்தான். கையில் வெட்டிய இளநீர், குடிக்காமல் பிடித்திருந்தான். பெஞ்சின் மேல் அவன் பக்கத்தில் சியாமளாவின் போன் இருந்தது. எல்லம்மாள் தலையைக் குனிந்து காய்களை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

அவன் கோபப்படவில்லை. எழுந்து இடம் விட்டு சியாமளாவை உட்காரவைத்தான். ஸ்டேஷனிலிருந்து போன் வந்ததாகச் சொன்னான். புகாரைத் திரும்ப வாங்கிவிட்டானாம், பூபாலனை இனி ஸ்டேஷனுக்குக் கூப்பிடமாட்டார்களாம். எல்லாம் குடும்ப விஷயம், அதனால்தான் முதலில் சொல்லவில்லை, தவறாக நினைக்க வேண்டாம் என்றான். அவன் கண்கள் கலங்கியிருந்தன. அது நடிப்பில்லை என்று சியாமளாவுக்குத் தெரிந்தது. அவன் உண்மையாகவே பயந்திருந்தான். அதுதான் அவளைக் கட்டிப்போட்டது.

"அவளுக்கு ஓட்டிப் பழக்கம் விட்டுப்போச்சு மேடம். பழைய வண்டி, பிரேக்கே ஒழுங்கா பிடிக்காது. வழியில ஏதாவது ஆச்சுன்னா? உங்களுக்குத் தெரிஞ்சும் நீங்க சொல்லலைன்னா, அது உங்க மேலதானே வரும்?"

அவள் மனதில் நொறுங்கிய வண்டிகள் வரிசையாக வந்தன. வருடக்கணக்கில் பார்த்தவை. ஒன்றின் முன்னிருக்கையில் அனுவை உட்காரவைத்துப் பார்த்தாள். ஒரு சொல் போதும். சொல்லிவிட்டால் அவளுக்கு எதுவும் ஆகாது. பத்திரமாக வீடு போய்ச் சேருவாள். கதவு திறந்தால் செய்தி போகும், மூடினால் போகும்.

நடுவிலிருந்து ஓரத்துக்கு, க்ளிக் என்று கேட்கும்வரை முறுக்கிய அந்தக் கைகள் ஞாபகம் வந்தன.

"அவ எங்கே போறான்னுகூட கேக்கல" என்றான் ரோஹித், இன்னும் மெதுவாக. "இந்த ரோட்டுல எந்தப் பக்கம்? அதை மட்டும் சொல்லுங்க. மத்ததை நான் பாத்துக்கறேன்."

இடப்பக்கம் மாமல்லபுரம், வலப்பக்கம் கல்பாக்கம். கண்கூடத் தவறிப்போய் எந்தப் பக்கமும் திரும்பிவிடக் கூடாது. சியாமளா பெஞ்சிலிருந்து தன் போனை எடுத்தாள். அவனோடு இருந்த இணைப்பை அணைத்தாள். மடியில் கிடந்த ரெஞ்சின் மேல் இரண்டு கைகளையும் வைத்துக்கொண்டு, பார்வையை அதன் மீதே நிறுத்தினாள்.

"மாட்டேன்" என்றாள்.